மிளகு பறிக்கும் மாதத்தில் ஒன்றாம் வகுப்பு

அரையாண்டு விடுமுறை முடிந்து ஜனவரி முதல் வாரத்தில் பள்ளி திறக்கும் காலையில், கொல்லிமலையில் ஒன்றாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியைக்குப் பிள்ளைகளின் நோட்டுக்கு முன்பாகக் கண்ணில் படுவது அவர்களுடைய கை. காப்பிப் பழத்தின் சாறு நகக்கண்ணில் காய்ந்து கருத்திருக்கும். மிளகுச் சரத்தை உருவிய விரலில் காரம் ஒட்டியிருக்கும். அந்த விரலாலேயே கண்ணைத் தேய்த்துக்கொண்டு ஒரு பிள்ளை சிணுங்கும். ஆசிரியை அதைக் குழாயடிக்குக் கூட்டிப்போய்க் கை கழுவிவிட்டு, சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, பென்சிலைக் கையில் கொடுக்கிறார். "எங்கே, 'ம' எழுது பாப்போம்." பிள்ளை யோசிக்கிறது. கோடு ஒன்று இழுக்கிறது. அதோடு நின்றுவிடுகிறது. டிசம்பர் இரண்டாம் வாரத்தில் 'மரம்', 'படம்' என்று எழுத்துக்கூட்டிப் படித்த அதே பிள்ளைக்கு, 'ம' எது, 'ப' எது என்று இப்போது சந்தேகம் வந்துவிட்டது.

ஆறு மாதம் உட்கார்ந்து கட்டிய சுவரில் பாதி மூன்று வாரத்தில் சரிந்து கிடக்கிறது. அதற்காகப் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. வருஷத்துக்கு ஒருமுறை கையில் காசு பார்க்கும் அறுவடைக் காலத்தில் காட்டுக்குப் போன பெற்றோரையும் குறை சொல்ல முடியாது. சமவெளிக்காக வகுத்த விடுமுறைப் பட்டியல் எழுபது கொண்டைஊசி வளைவு தாண்டி அப்படியே மேலே ஏறி வந்துவிடுகிறதே, குறை அங்கேதான் இருக்கிறது. கொல்லிமலையின் தொடக்கப் பள்ளிகளுக்கு விடுமுறை எப்போது, எத்தனை நாள் என்பதை அந்த மலையே கூடிப் பேசி வகுத்துக்கொள்ள அரசு இடம் கொடுக்க வேண்டும்.

நாமக்கல் மாவட்டத்தில், காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கிச் சோளக்காட்டில் முடியும் அந்த எழுபது வளைவுகளைச் சுற்றுலாப் பயணிகள் நன்றாக அறிவார்கள். டிசம்பர் கடைசி வாரமும் பொங்கல் வாரமும் ஆகாய கங்கை அருவிக்கும் அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் கார்களும் வேன்களும் வரிசைகட்டி ஏறும் நாட்கள். ஊர் முழுக்க விடுமுறை. ஆனால் அந்தச் சாலையின் இருபுறமும் தோட்டங்களுக்குள் இருப்பவர்களுக்கு வருஷத்திலேயே ஓய்வில்லாத மாதம் அதுதான். நவம்பரில் பழுக்கத் தொடங்கும் காப்பி, ஜனவரி வரை அடுத்தடுத்துப் பறிக்க வேண்டியது. பழுத்ததை விட்டால் உதிர்ந்துவிடும். காப்பி முடிவதற்குள் மிளகு தொடங்கிவிடும். சில்வர் ஓக் மரங்களில் இருபது, முப்பது அடி உயரத்துக்கு ஏறியிருக்கும் கொடியில் ஏணி சாத்திச் சரம் பறிக்க வேண்டும். பறித்ததை உதிர்த்து, வெயில் பார்த்துக் காயப்போட வேண்டும். மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்து சுருங்கினால் ஒரு கிலோதான் நிற்கும். மலையில் மூடுபனி இறங்கும் மாதத்தில் வெயிலுக்காகக் காத்திருந்து அதைக் காயவைத்து எடுப்பது பெரிய பாடு. இதோடு சாமை, மரவள்ளி வேலைகளும் சேர்ந்துகொள்ளும்.

ஐந்து வயது, ஆறு வயதுப் பிள்ளை மரம் ஏறிப் பறிக்கப்போவதில்லை. ஆனால் வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் காட்டுக்குப் போகும்போது அதுவும் கூடவே போகிறது. தார்ப்பாயில் பரப்பிய மிளகைக் கோழி கிளறாமல் பார்த்துக்கொள்கிறது. தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்கிறது. கீழே சிந்தியதைப் பொறுக்குகிறது. 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமே, பள்ளி நேரம் போக மீதி நேரத்திலும் விடுமுறையிலும் ஆபத்தில்லாத குடும்ப வேலைகளில் பிள்ளைகள் உதவுவதை அனுமதிக்கிறது. தாய் தகப்பனுடன் காட்டில் நிற்கும் பிள்ளை கற்றுக்கொள்வது நிறைய. அந்த மூன்று வாரமும் அது எழுத்து என்ற ஒன்றைக் கண்ணால் காண்பதில்லை என்பதே கவலை.

நாட்களை எண்ணிப் பார்த்தால் விஷயம் விளங்கும். 2024 டிசம்பர் 24-ம் தேதி அரையாண்டு விடுமுறை தொடங்கியது. 2025 ஜனவரி 2-ம் தேதி பள்ளிகள் திறந்தன. பொங்கலுக்காக ஜனவரி 14 முதல் 19 வரை மீண்டும் விடுமுறை. டிசம்பர் 24-லிருந்து ஜனவரி 19 வரை மொத்தம் 27 நாட்கள். அதில் பள்ளி நடந்த நாட்கள் 8-க்கு மேல் இல்லை. அந்த எட்டும் இரண்டு விடுமுறைக்கு நடுவில் ஒரு தீவுபோலக் கிடந்தவை. அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒன்றிரண்டு நாள் கூடலாம், குறையலாம், அமைப்பு இதேதான்.

அந்தத் தீவு நாட்களில் ஒன்றாம் வகுப்பு எப்படி இருக்கும் என்பது மலைப்பள்ளியில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். பாதி பெஞ்சு காலியாக இருக்கும். வராத பிள்ளையைத் தேடி ஆசிரியை வீட்டுக்குப் போனால், காப்பிக் கூடையுடன் எதிரே வரும் தாய் வழியிலேயே பதில் சொல்லிவிடுவார்: "இன்னும் நாலு நாள்ல பொங்கல் வருதே டீச்சர், முடிச்சிட்டு அனுப்பிடுறோம்." அவர் சொல்வதில் தவறில்லை. நான்கு நாளுக்காகப் பிள்ளையைக் கிளப்பி, குளிப்பாட்டி, குளிரில் ஒரு கிலோமீட்டர் நடத்தி அனுப்பிவிட்டு, அதற்குள் மீண்டும் விடுமுறை என்றால், அந்தத் தாய் கணக்குப் போட்டுப் பார்க்கத்தானே செய்வார்? அப்படி வராத பிள்ளைக்கு விடுமுறை இரண்டு துண்டாக இல்லை. நான்கு வாரம் நீளும் ஒரே விடுமுறை அது. கோடை விடுமுறையின் பாதி.

இந்த இடைவெளி ஏன் ஒன்றாம் வகுப்பை மட்டும் இவ்வளவு பாதிக்கிறது? ஐந்தாம் வகுப்புப் பிள்ளை நான்கு வாரம் புத்தகத்தைத் தொடாவிட்டாலும் படிக்க மறந்துவிடாது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையோ படிக்கத் தெரிந்ததற்கும் தெரியாததற்கும் நடுவில் நிற்கிறது. தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 எழுத்துகள். தொடக்கத்தில் ஒவ்வொன்றும் பிள்ளைக்கு ஒரு தனி ஓவியம். 'க' தெரிந்த பிள்ளைக்குக் 'கி', 'கு', 'கெ' எல்லாம் ஒரே குடும்பம் என்று விளங்குகிற நாள் ஒன்று வரும். அந்த நாளுக்குப் பிறகு எழுத்து கையைவிட்டுப் போகாது. அதற்கு முன்னால் வரும் நீண்ட இடைவெளிதான் எல்லாவற்றையும் கலைத்துப்போடுகிறது. ஜூனில் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு அந்த நாள் பெரும்பாலும் வருவது இரண்டாம் பருவத்தின் கடைசியிலோ மூன்றாம் பருவத்தின் தொடக்கத்திலோதான். சரியாக அந்தத் திருப்பத்தில் வந்து நிற்கின்றன இந்த இரண்டு விடுமுறைகளும்.

விடுமுறையில் கற்றது கரையும் என்பதற்கு உலகம் முழுவதும் ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பரும் அவருடைய குழுவினரும் 39 ஆய்வுகளைத் தொகுத்து 1996-ல் வெளியிட்ட முடிவு, கோடை விடுமுறையில் பிள்ளைகள் சராசரியாக ஒரு மாதப் படிப்பளவு பின்தங்குவதாகச் சொன்னது. கணக்குப் போடுவதிலும் எழுத்துக்கூட்டுவதிலும் இழப்பு அதிகம். நம் நாட்டிலேயே, கொரோனா அடைப்புக்குப் பிறகு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 5 மாநிலங்களில் 1,137 அரசுப் பள்ளிகளில் 16,067 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வை 2021-ல் வெளியிட்டது. முந்தைய ஆண்டு கைவந்திருந்த மொழித்திறன்களில் குறைந்தது ஒன்றையாவது 92 சதவீதப் பிள்ளைகள் இழந்திருந்தார்கள். கணக்கில் 82 சதவீதம் பேர். மாதக்கணக்கில் மூடிக் கிடந்த பள்ளியும் நான்கு வார விடுமுறையும் ஒன்றில்லைதான். ஆனால் வீட்டில் தினசரியோ கதைப் புத்தகமோ இல்லாத, குடும்பத்தில் முதல் ஆளாகப் படிக்கவந்த பிள்ளைக்கு இரண்டும் ஒரே திசையில்தான் வேலை செய்கின்றன.

கொல்லிமலையில் பெரும்பாலானவர்கள் மலையாளிப் பழங்குடியினர். பேசுவது தமிழ். காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களுடைய மரபுக் கதை. வளவந்திநாடு, திண்ணனூர்நாடு, சேலூர்நாடு, அரியூர்நாடு, தேவனூர்நாடு என்று நாடுகளாகப் பிரிந்து கிடக்கும் மலையில், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளும் பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகளும் பிள்ளைகளைப் படிக்கவைக்கின்றன. இந்த மலையில் பள்ளிக்கூடத்துக்கு நூறாண்டு வரலாறு உண்டு. 1913-ல் இங்கே வந்து குடியேறிய ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் தம்பதி மருத்துவத்தோடு கல்வியையும் கொண்டுவந்தார்கள். பின்னாளில் வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் முடங்கிய விரல்களை நிமிர்த்தி உலகப் புகழ் பெற்ற பால் பிராண்ட், 1914-ல் பிறந்து, ஒன்பது வயதுவரை இந்த மலையில் வளர்ந்து, தாயிடம் இங்கேதான் பாடம் படித்தார்.

இன்றைய ஒன்றாம் வகுப்பு ஆசிரியைக்கு அந்தத் தாயைவிட வேலை அதிகம். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள்வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர்கள். சிதறிக் கிடக்கும் மலைக்கிராமங்களில் பிள்ளைகள் எண்ணிக்கை குறைவு. ஒருவர் ஒன்று முதல் மூன்று வரை, மற்றவர் நான்கும் ஐந்தும் என்று பிரித்துக்கொள்வதே நடைமுறை. ஒரே அறையில் ஒருபுறம் 'அ' போடும் பிள்ளை. இன்னொருபுறம் பெருக்கல் வாய்பாடு. 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், மூன்று வகுப்பையும் சேர்த்து நடத்தும் இந்த நிலையைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்ற அளவுக்கேற்பப் பிரித்தது. அறையின் மூலைகள் கதைக் களமாகவும் பாடல் களமாகவும் பொம்மலாட்டக் களமாகவும் மாறின. எட்டு வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளைக்கும் பிழையில்லாமல் படிக்கவும் எழுதவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வந்துவிட வேண்டும் என்பது இலக்கு.

நல்ல இலக்கு. நல்ல முறை. ஆனால் ஜனவரியில் மொட்டு மீண்டும் அரும்பாகிவிடுகிறது. ஆசிரியை தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. மூன்றாம் பருவத்துப் புதிய புத்தகம் கையில் வந்துவிட்டது; அதன் முதல் பாடத்துக்குப் போவதற்குள் பழைய பாடத்துக்கு ஒரு வாரம் போகிறது. அதை முடித்து நிமிர்ந்தால் பொங்கல். பொங்கல் முடிந்தால் மறுபடி ஒரு வாரம். முப்பருவ முறையில் மூன்றாவது பருவந்தான் நாட்கள் குறைந்த பருவம். அதில் இரண்டு வாரம் இப்படிக் கழிந்தால் மிச்சம் எவ்வளவு என்று ஆசிரியையின் பாடக்குறிப்பு நோட்டுக்கே வெளிச்சம்.

விடுமுறைக் காலம் வகுப்புக்குச் செய்யும் நன்மையையும் சொல்ல வேண்டும். டிசம்பர் இரண்டாவது, மூன்றாவது வாரங்களில் கொல்லிமலையின் ஒன்றாம் வகுப்புக்கு ஒரு தனிக் களை உண்டு. வாசலில் நிற்கும் பிள்ளைகளின் வாயிலிருந்து புகைபோல ஆவி வரும். ஸ்வெட்டரின் நீண்ட கையை மடக்கிவிட்டால்தான் எழுத முடியும். கிறிஸ்துமஸ் நட்சத்திரம், புத்தாண்டு வாழ்த்து, ஜனவரியில் பள்ளி முற்றத்தில் மூன்று கல் வைத்துச் சமத்துவப் பொங்கல் என்று கையால் செய்யும் வேலைகள் நிறைய. விவரம் தெரிந்த ஆசிரியை இவற்றையெல்லாம் பாடமாக்கிவிடுகிறார். கரும்பை எண்ணலாம். கோலப் புள்ளி ஐந்து, மூன்று, ஒன்று என்று குறைவதில் கழித்தல் இருக்கிறது. பொங்கிவரும் பானையைப் பார்த்துப் பிள்ளைகள் கத்தும் 'பொங்கலோ பொங்கல்' என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதிவிட்டால், 'பொ', 'லோ' என்ற இரண்டு உயிர்மெய் எழுத்துகளும் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் அன்றோடு மனதில் பதிந்துவிடும்.

மலையே ஒரு பாடப் புத்தகம்தான். தமிழ்ப் பிள்ளைகளை எங்கேயும் படுத்துவது ல, ள, ழ. கொல்லிமலைப் பிள்ளைக்கு இந்த மூன்றும் வீட்டு வாசலிலேயே இருக்கின்றன: மலையில் 'ல', மிளகில் 'ள', வாழையில் 'ழ'. ஒரு சிறிய கிண்ணம் மிளகை மேசையில் கொட்டிப் பத்துப் பத்தாகக் குவிக்கச் சொன்னால், ஒன்று, பத்து என்ற இடமதிப்பு கண்ணுக்குத் தெரிந்துவிடும். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளாக இங்கே பாதுகாத்துவரும் சாமை ரகங்களின் பெயர்களைப் பாருங்கள்: கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திருகுளச் சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை. பாட்டி வாயில் புழங்கும் சொற்கள் இவை. பிள்ளைக்குச் சொல் ஏற்கெனவே தெரியும். எழுத்து மட்டும்தான் புதிது. தெரிந்த சொல்லிலிருந்து எழுத்துக்குப் போகும் பாதை, தெரியாத சொல்லிலிருந்து போகும் பாதையைவிடக் குட்டை. விடுமுறைக்கு முந்தைய வாரத்தில் இந்தச் சொற்களைப் படித்துவிட்டுக் காட்டுக்குப் போகிற பிள்ளை, மிளகைப் பார்க்கும்போதெல்லாம் 'ள'வை நினைத்துக்கொள்ளும்.

அதற்கு விடுமுறை எப்போது வரும் என்பது பயிரோடு பொருந்தி இருக்க வேண்டும். அந்த இணக்கத்தைத் தருவது புதிய புரட்சி ஒன்றுமில்லை. இந்த மலைக்கு ஒரு நாள் அளவில் அரசு ஏற்கெனவே அதைச் செய்கிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரிக்கு ஆடி 17, 18 நாட்களில் செம்மேட்டில் அரசு விழா நடக்கிறது. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் வீழ்த்தியவன் என்று வன்பரணர் புறநானூற்றில் பாடிய அந்த ஓரிக்காக ஆடிப் பதினெட்டுக்கு உள்ளூர் விடுமுறை அறிவித்து, பின்னால் ஒரு சனிக்கிழமையை வேலைநாளாக்கி ஈடுகட்டுகிறது மாவட்ட நிர்வாகம். நீலகிரியில் படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கும் இதே ஏற்பாடு. ஆகஸ்டில் ஒரு நாளுக்கு நியாயமாகப்பட்டது, டிசம்பரில் பத்து நாளுக்கு ஏன் நியாயமாகக் கூடாது?

நாட்டின் மற்ற மலைகளில் பத்து நாள் என்ன, மாதக்கணக்கிலேயே நாட்காட்டி மாறுகிறது. காஷ்மீரில் பனிக்காலத்தில் நீண்ட விடுமுறை. இமாச்சலப் பிரதேசத்தில் ஒரே மாநிலத்துக்குள் கோடையில் மூடும் பள்ளிகள், குளிரில் மூடும் பள்ளிகள் என இரண்டு வகை. கடல் தாண்டினால், ஸ்காட்லாந்தில் அக்டோபர் விடுமுறையை இன்றும் பேச்சுவழக்கில் உருளைக்கிழங்கு விடுமுறை என்கிறார்கள். ஒரு காலத்தில் கிழங்கு தோண்டப் பிள்ளைகள் போன வாரம் அது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து அரூஸ்டுக் பகுதியிலும் உருளைக்கிழங்கு அறுவடைக்கெனத் தனி விடுமுறை உண்டு. கிழங்கு தோண்டப் பிள்ளைகளை அனுப்பிய அந்த வழக்கம் நமக்கு வேண்டாம். பள்ளி நாட்காட்டியை அந்தந்த மண்ணின் பயிருக்குத் தக வளைத்த துணிவு வேண்டும்.

சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 9-வது பிரிவு, உள்ளூர் அதிகார அமைப்பின் கடமைகளைப் பட்டியலிடும்போது, கல்வி நாட்காட்டியை முடிவுசெய்வதையும் அவற்றில் ஒன்றாகச் சொல்கிறது. அதே சட்டத்தின் அட்டவணை ஒன்று முதல் ஐந்து வரை ஆண்டுக்கு 200 வேலைநாட்களையும் 800 கற்பித்தல் மணிநேரத்தையும் கேட்கிறது. அந்த 200 எந்தத் தேதிகளில் விழ வேண்டும் என்று சொல்லவில்லை. 2005-ம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டக் கட்டமைப்பும், மொத்த நாட்கள் குறையாமல், மாவட்ட அளவில் உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்து நாட்காட்டியை வகுக்கலாம் என்று பரிந்துரைத்தது.

ஆக, செய்ய வேண்டியது எளிது. கொல்லிமலை ஒன்றியத்தில் ஒன்று முதல் எட்டு வரை உள்ள வகுப்புகளுக்கு அரையாண்டு விடுமுறையையும் பொங்கல் விடுமுறையையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே இடைவெளியாக்க வேண்டும். ஓர் உதாரணம்: டிசம்பர் 25, ஜனவரி 1 ஆகிய நாட்களை மட்டும் விட்டு, டிசம்பர் கடைசி வாரமும் ஜனவரி முதல் வாரமும் பள்ளி நடக்கட்டும். இரண்டாம் பருவ மதிப்பீடு ஜனவரி முதல் வாரத்தில் முடியட்டும். பிறகு பொங்கலோடு சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு நாள் மூடினால், பிள்ளை ஒருமுறைதான் மறக்கும். ஆசிரியையும் ஒருமுறைதான் திரும்பத் தொடங்குவார். காப்பி மும்முரமாகப் பறிபடும் டிசம்பர் கடைசியில், வீட்டில் ஆளில்லாத நேரத்தில், சிறு பிள்ளை பள்ளியில் பத்திரமாக இருக்கும். விடுமுறை வேறொரு வாரத்தில் இருப்பதே நல்லது என்று மலைக்காரர்கள் சொன்னால், அப்படியே இருக்கட்டும். காப்பி எந்த வாரம் பழுக்கும், மிளகு எந்த வாரம் முற்றும் என்பது வளவந்திநாட்டுக்காரருக்குத் தெரிந்த அளவு சென்னைக்குத் தெரியாது. ஒவ்வொரு பள்ளியிலும் பெற்றோரைப் பெரும்பான்மையாகக் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. மலையில் 14 ஊராட்சிகள் இருக்கின்றன. தலைமையாசிரியர்கள் இருக்கிறார்கள். ஜூன் மாதத்தில் இவர்கள் ஒரு நாள் செம்மேட்டில் உட்கார்ந்தால் முடிவெடுத்துவிடலாம்.

எதிர்ப்புகள் வரும், அவற்றில் நியாயமும் உண்டு. அக்காள் ஒன்பதாம் வகுப்பிலும் தம்பி ஒன்றாம் வகுப்பிலும் இருக்கும் வீட்டில் இருவருக்கும் வேறு வேறு நாள் விடுமுறை என்றால், தம்பியைக் கையைப் பிடித்துப் பள்ளிக்குக் கூட்டிப்போவது யார்? இதனால்தான் ஒன்றாம் வகுப்புக்கு மட்டும் தனி நாட்காட்டி கேட்காமல், எட்டாம் வகுப்புவரை, ஒன்றியம் முழுவதற்கும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது. பொதுத்தேர்வு எழுதும் வகுப்புகளுக்கு மாநிலத் தேதியே தொடரலாம். ஆசிரியர்களில் பலர் நாமக்கல்லிலிருந்தும் சேந்தமங்கலத்திலிருந்தும் தினமும் பஸ்ஸில் மலையேறி வருகிறவர்கள். அவர்களுடைய சொந்தப் பிள்ளைகளுக்குக் கீழே விடுமுறையாக இருக்கும்போது தாய் மட்டும் மேலே வேலை பார்ப்பது சிரமம். மறுக்க முடியாத சிரமம். அதை ஈடுசெய்ய மலைப்பள்ளி ஆசிரியர்களுக்குக் கூடுதல் ஈடுவிடுப்பு தரலாம். தங்குவதற்கு நல்ல குடியிருப்பு கட்டித் தரலாம். விடுமுறை நாட்களில் பயிற்சி வகுப்பும் எமிஸ் என்ற கல்வித் தகவல் தளத்தில் விவரம் ஏற்றும் வேலையும் வராது என்று எழுத்தில் உறுதி கொடுக்கலாம். முப்பது பிள்ளைகளின் மூக்கைச் சிந்திவிட்டு, சட்டைப் பொத்தான் போட்டுவிட்டு, எழுத்தும் சொல்லிக்கொடுக்கும் ஒருவருக்கு முழு ஓய்வு என்பது சலுகை கிடையாது. அது அந்த வேலையின் ஒரு பகுதி.

நாட்காட்டி மாறினாலும் பத்து நாள் இடைவெளி இருக்கத்தான் செய்யும். அந்தப் பத்து நாளைக்கு வீட்டுப்பாடம் என்று நோட்டு நிறைய எழுதச் சொல்வது வீண். காட்டிலிருந்து களைத்து வரும் தாயால் அதைச் சரிபார்க்க முடியாது. பிள்ளை கையில் இரண்டு சிறிய கதைப் புத்தகங்களைக் கொடுத்தனுப்புவது மேல். பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் 2023-ல் வெளியிட்ட நுழை, நட, ஓடு, பற என்ற படிநிலைப் புத்தகங்களில் 'நுழை' வரிசை, ஒரு பக்கத்துக்கு ஓரிரு வரியே உள்ளது. கிழிந்தால் கிழியட்டும். பள்ளி அலமாரியில் புத்தம் புதிதாக இருக்கும் புத்தகத்தைவிட, மிளகு காயும் தார்ப்பாயின் ஓரத்தில் கசங்கிக் கிடக்கும் புத்தகத்துக்கு மதிப்பு அதிகம். 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால், அந்தந்த ஊரிலேயே கதை சொல்லத் தெரிந்த தன்னார்வலர்களை எப்படித் திரட்டுவது என்ற அனுபவம் அரசிடம் இருக்கிறது. விடுமுறை நாட்களில் மாலை ஒரு மணி நேரம், ஒரு திண்ணையில், ஒரு கதை, பத்து எழுத்து. அதற்கு மேல் வேண்டியதில்லை.

சாப்பாட்டையும் மறந்துவிடக் கூடாது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் 1,545 பள்ளிகளில் தொடங்கியபோது, அவற்றில் 237 தொலைதூர, மலைப்பகுதிப் பள்ளிகளாக இருந்தன. பயன்பெற்ற மலைப்பிள்ளைகள் 10,161 பேர். மலையை முதல் வரிசையில் வைத்துத் தொடங்கிய திட்டம் அது. பள்ளி மூடினால் காலை உணவும் நிற்கிறது, மதிய உணவும் நிற்கிறது. அதிகாலையில் அடுப்பு மூட்ட நேரமில்லாமல் காட்டுக்கு ஓடும் அறுவடை நாட்களில்தான் அந்த இரண்டும் அதிகம் தேவைப்படுகின்றன. விடுமுறையிலும் விருப்பமுள்ள பிள்ளைகளுக்கு ஒரு வேளை உணவும் ஒரு கதையும் கிடைக்க வழிசெய்வது, சமையல் கூடமும் ஆளும் ஏற்கெனவே இருக்கிற இடத்தில் பெரிய செலவு பிடிக்கும் காரியமில்லை.

அடுத்த கல்வியாண்டுக்கான நாட்காட்டியைப் பள்ளிக்கல்வித் துறை கோடையில் தயாரிக்கும். அதற்கு முன்னால் கொல்லிமலையின் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் தங்கள் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டு, மாவட்ட ஆட்சியருக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் அனுப்ப வேண்டும். உறைவிடப் பள்ளிகளை நடத்தும் பழங்குடியினர் நலத்துறையும் அதே தேதிகளை ஏற்க வேண்டும். ஓர் ஆண்டு சோதித்துப் பார்க்கட்டும். ஜனவரி கடைசி வாரத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, டிசம்பரில் படித்த அதே பத்துச் சொற்களைப் படிக்கச் சொல்லிப் பார்க்கட்டும். மலை, மிளகு, வாழை என்று முதல் மூன்று சொல்லையும் எத்தனை பிள்ளைகள் தடுக்காமல் படிக்கிறார்கள் என்று ஆசிரியை நோட்டில் குறித்துவைத்தால், அதற்கடுத்த ஆண்டு நாட்காட்டியை எப்படிப் போடுவது என்று அந்தப் பக்கத்தைப் பார்த்தே முடிவுசெய்யலாம்.